ஓரத்தில் நின்ற ஆட்டக்காரர்

பாலோவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வேலை முடிந்து வெயில் தாழ்ந்ததும் திடலில் பந்து உருளத் தொடங்கும். கோல் போட்ட பையனின் பெயர் நம் வாயில் நிற்கும். ஓரத்தில் நின்று அணியை நடத்தியவரை நாம் மறந்துவிடுவோம். அப்படி ஓரத்தில் நின்ற ஒருவரைப் பற்றி இன்று பேசுவோம்.

1956இல் பிறந்த கே. ராஜகோபால் சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் காற்பந்து ஆடியவர். கால் ஓய்ந்த பின் பயிற்றுநரானார். 2009இல் லாவோஸில் நடந்த சீ விளையாட்டில் அவருடைய இளைஞர்கள் வியட்நாமை 1-0 என வென்று, 20 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் கொண்டுவந்தார்கள்.

அடுத்த ஆண்டு தென்கிழக்காசியக் கிண்ணம். டிசம்பர் 1ஆம் தேதி ஜகார்த்தாவில் முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 5-1 என்று தோல்வி! அதோடு கதை முடிந்தது என்றுதான் நம்மில் பலர் எண்ணினோம். ராஜகோபாலோ தங்கம் வென்ற அந்த இளைஞர்களையே நம்பினார். தாய்லாந்துடன் சமநிலை, லாவோஸுக்கு எதிராக 5-1, அரையிறுதியில் வியட்நாம் வீழ்ந்தது.

இறுதியில் எதிரே நின்றது அதே இந்தோனேசியா. டிசம்பர் 26, புக்கிட் ஜாலில். கூட்டத்தில் சிலர் லேசர் ஒளி பாய்ச்சியதால் ஆட்டம் சற்று நின்றது. அது நமக்குப் பெருமையன்று. பிறகு சாஃபி சாலி இரண்டு, அஷாரி ஒன்று என 3-0. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 2-1 எனத் தோற்றும், மொத்தக் கணக்கில் 4-2. மலேசியா அக்கிண்ணத்தை வென்றது அதுவே முதல் முறை. கே. குருசாமி, எஸ். குணாளன் ஆகிய நம் பிள்ளைகளும் அவ்வணியில் இருந்தார்கள்.