வேறுபட்ட வரைகலை அட்டைகளின் கூட்டியக்கம்

வேறுபட்ட வரைகலை அட்டைகளின் கூட்டியக்கம் என்பது வெவ்வேறு நிறுவனங்களின் வரைகலை அட்டைகள் இரண்டை ஒரே கணினியில் பொருத்தி ஒருங்கே இயக்குவதாகும். கூடுதல் திரைகளை இணைக்க இம்முறை பயன்படுகின்றது. அட்டைகளின் இயக்கி மென்பொருள்களை இயங்குதளம் ஏற்கும் முறையைப் பொறுத்தே இது இயலும்.

வரலாறு

விண்டோஸ் எக்ஸ்பி (2001) இயங்குதளத்தில் ஒவ்வோர் அட்டையும் தனக்குரிய இயக்கி மென்பொருளுடன் இயங்கியது. 2007 சனவரியில் பொதுப் பயனர்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டா, டபிள்யூ.டி.டி.எம் 1.0 என்னும் புதிய இயக்கி அமைப்பைக் கொணர்ந்தது. வரைகலை இயக்கியின் பிழையால் கணினி முழுதும் நின்றுபோவதைக் குறைப்பது இதன் நோக்கங்களுள் ஒன்று. ஆயினும் இதன்படி எல்லா அட்டைகளும் ஒரே இயக்கி மென்பொருளையே பயன்படுத்த வேண்டியிருந்தது. எனவே விஸ்டாவுக்கு மாறிய கணினியில் என்விடியா, ஏ.டி.ஐ அட்டைகள் ஒருங்கே இருந்தால் ஒன்று முடக்கப்பட்டது. அட்டை பழுதடையாத நிலையிலும் அதன் திரை இருண்டது. இரண்டுக்கும் எக்ஸ்பி வகை இயக்கிகளை நிறுவினால் இரண்டும் இயங்கின. ஆனால் ஏரோ எனப்படும் ஒளிபுகு சாளரத் தோற்றம் கிடைக்கவில்லை. 2009 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 7, டபிள்யூ.டி.டி.எம் 1.1 மூலம் இத்தடையை நீக்கியது.

பணிப் பகிர்வு

இரு அட்டைகள் தனித்தனித் திரைகளை இயக்குவது வேறு. ஒரே படத்தைப் பகிர்ந்து வரைவது வேறு. என்விடியாவின் எஸ்.எல்.ஐ (2004), ஏ.டி.ஐ-யின் கிராஸ்ஃபயர் (2005) ஆகியன தத்தம் நிறுவன அட்டைகளையே இணைத்தன. 2015 இல் விண்டோஸ் 10 உடன் வந்த டைரக்ட்எக்ஸ் 12, வேறுபட்ட அட்டைகளிடையே பணியைப் பகிர இடமளித்தது. எனினும் அப்பகிர்வை ஒவ்வொரு மென்பொருளிலும் அதன் நிரலாளரே எழுத வேண்டும். 2016 இல் வெளியான ஆஷஸ் ஆஃப் த சிங்குலாரிட்டி என்னும் கணினி விளையாட்டு இதற்கு எடுத்துக்காட்டு ஆகும்.