ஒரு சிடி எரித்த கதை

விடுமுறைக்கு வந்திருந்த பேரன் போன வாரம் என் பழைய மடிக்கணினியில் புது லினக்ஸ் போட்டுத் தந்தான். இறக்கிய கோப்பை பென்டிரைவில் ஏற்றப் போனவனிடம், "செக்சம் பார்த்தியாடா?" என்று கேட்டேன். "அதெல்லாம் யாரு தாத்தா பார்க்கிறாங்க?" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

2008-ஆம் வருடம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் வந்து உட்கார்ந்த புதிது. கணினிப் பைத்தியம் தலைக்கு ஏறியிருந்தது. மகாமகக் குளத்துக்கு அடுத்த தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். எனக்கு நாலைந்து வயது மூத்தவர். அவர் கணினியில் வைரஸ் புகுந்து, எதைத் தொட்டாலும் ஐந்து நிமிடம் யோசித்தது. "லினக்ஸ் போட்டுடலாம் சார், வைரஸ் தொல்லையே இருக்காது" என்று நானாக வலியப் போய்ச் சொன்னேன்.

அந்தக் கணினியில் முக்கியமாக இருந்தது ஒன்றுதான். தன் குடும்ப வரலாற்றை அவர் இரண்டு வருடமாக ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒன்பது அத்தியாயங்கள் எழுதி வைத்திருந்தார். அதில் ஒரு அத்தியாயம் அவருடைய அத்தை சொல்லக் கேட்டு எழுதியது. அத்தை அதற்குள் காலமாகிவிட்டார்.

உபுண்டு 8.04 அப்போதுதான் வந்திருந்தது. கிட்டத்தட்ட 700 எம்பி, ஒரு சிடி கொள்ளும் அளவு. என் வீட்டு இணைப்பின் வேகம் 256 கேபிபிஎஸ். இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராது என்பதால், அலாரம் வைத்து எழுந்து இரண்டு இரவில் இறக்கினேன். இருபது ரூபாய்க்குள் கிடைத்த சிடியில், டிரைவ் அனுமதித்த உச்ச வேகமான 52 எக்ஸில் எரித்தேன். இரண்டு மூன்று நிமிடத்தில் தட்டு வெளியே வந்தது. அதே கட்டிலிருந்து இன்னொரு சிடி எடுத்து, அதே வேகத்தில் வாத்தியாரின் கோப்புகளையும் பிரதி எடுத்தேன். இரண்டையும் திரும்பப் படித்துச் சரிபார்க்கவில்லை.

உபுண்டு சிடி திறந்ததும் வரும் பட்டியலிலேயே "சிடியில் குறை உண்டா பார்" என்று ஒரு வரி இருக்கும். அதைத் தாண்டிப் போனேன். நிறுவல் தொடங்கியது. பழைய வட்டை அழித்து, புதிதாகப் பிரித்து, கோப்புகளை நகலெடுக்க ஆரம்பித்தது. பாதியில் நின்றது. சிடியைப் படிக்க முடியவில்லை என்றது. பரவாயில்லை, பிரதிதான் இருக்கிறதே என்று இரண்டாவது சிடியைப் போட்டேன். ஒன்பதில் ஐந்து கோப்புகள் வந்தன. நான்கு வரவில்லை. அத்தை சொன்ன அத்தியாயம் அந்த நான்கில் ஒன்று.

வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தேன். நான் இறக்கிய கோப்பின் செக்சம், உபுண்டு தளத்தில் போட்டிருந்ததோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போனது. சிடியைப் படித்துக் கணக்கிட்டால் ஒத்துப் போகவில்லை. ஆக, இரண்டு இரவு கண்விழித்து இறக்கியதில் பழுதில்லை. இரண்டு நிமிட அவசரத்தில் எரித்ததுதான் பழுது.

இந்த செக்சம் என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஐஎஸ்ஓ கோப்பு என்பது ஒரு சிடியின் முழு அச்சு. 1985-இல் அமெரிக்காவில் டாஹோ ஏரிக்கரையில் இருந்த ஹை சியரா என்ற ஓட்டலில் பல கம்பெனிக்காரர்கள் கூடி, சிடியில் கோப்புகளை எப்படி அடுக்குவது என்று பேசினார்கள். அதிலிருந்து பிறந்து 1988-இல் வந்த தர அளவுகோலின் எண் ஐஎஸ்ஓ 9660. கோப்பின் பெயர் அதிலிருந்து வந்தது. இதை சாதாரணக் கோப்பு போல இழுத்துப் போட்டு எரிக்கக் கூடாது, "இமேஜாக எரி" என்று சொல்லி எரிக்க வேண்டும். 2006-இல் நான் முதல் தடவை எரித்த சிடிக்குள் ஒரே ஒரு கோப்பு மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. கணினி அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

சிடி தயாரித்தவர்கள் தட்டில் கீறல் விழும் என்று தெரிந்தே வைத்திருந்தார்கள். டேட்டா சிடியில் ஒவ்வொரு துண்டும் 2352 பைட். அதில் நம் தகவலுக்கு 2048 பைட்தான். மீதியில் 280 பைட் பிழையைக் கண்டுபிடிக்கவும் திருத்தவும் ஒதுக்கியது. சின்னக் கீறலை அதுவே சமாளித்துவிடும். மட்டமான தட்டில் தலைதெறிக்கும் வேகத்தில் எழுதினால் அதுவும் கைவிட்டுவிடும்.

செக்சம் அதற்கு மேலே ஒரு காவல். அமெரிக்காவின் எம்ஐடி பேராசிரியர் ரொனால்டு ரிவெஸ்ட் உருவாக்கிய எம்டி5 என்ற கணக்கு 1992-இல் வெளியானது. கோப்பு எவ்வளவு பெரியதானாலும் அதை அரைத்து 32 எழுத்துகளாக்கித் தரும். 700 எம்பியில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த 32-ம் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். நாங்கள் வங்கியில் நாள் முடிவில் லெட்ஜரை டாலி செய்வது போலத்தான். ஒரு பைசா உதைத்தாலும் வீட்டுக்குப் போக முடியாது.

டாலி ஆனால் எல்லாம் சரி என்று அர்த்தமா? வங்கியில் இருந்தவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். அந்தக் காலத்தில் தந்தி மூலம் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குப் பணம் அனுப்புவோம். தந்தியில் தொகை, பெயர், தேதி எல்லாம் தெளிவாக இருக்கும். ஆனால் அதை மட்டும் வைத்துப் பணம் கொடுக்க மாட்டோம். யார் வேண்டுமானாலும் தந்தி அடிக்கலாமே! அதில் செக் சிக்னல் என்று ஒரு ரகசியக் குறி இருக்கும். அதைப் போடும் முறை உள்ள புத்தகம் கிளைகளில் பூட்டி வைத்திருக்கும். குறியைக் கணக்கிட்டுப் பார்த்து, சரியாக இருந்தால்தான் பணம். தந்தி வந்த வழியே அந்தப் புத்தகம் வராது. விஷயமே அதில்தான் இருக்கிறது.

இதை மறந்தால் என்ன ஆகும் என்று 2016-இல் தெரிந்தது. பிப்ரவரி 20-ஆம் தேதி லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் யாரோ புகுந்து, 17.3 சினமன் பதிப்பின் இறக்கும் இணைப்பை மாற்றிவிட்டார்கள். அன்று அதைச் சொடுக்கியவர்களுக்குப் பின்கதவு வைத்த கோப்பு கிடைத்தது. கள்ளக் கோப்பு பல்கேரியாவில் உள்ள சர்வரிலிருந்து வந்தது. மின்டைத் தொடங்கிய கிளெமென்ட் லெஃபெப்வ்ர் அடுத்த நாளே அதைப் பகிரங்கமாக அறிவித்து, சரியான எம்டி5 எண்களையும் வெளியிட்டார். புகுந்தவர்கள் தளத்தில் இருந்த செக்சத்தையும் மாற்றியிருந்ததாகப் பின்னால் செய்தி வந்தது. யோசித்துப் பாருங்கள். கோப்பும் அதே கையிலிருந்து, ஒப்பிடும் எண்ணும் அதே கையிலிருந்து. டாலி ஆகாமல் என்ன செய்யும்?

போதாக்குறைக்கு எம்டி5-க்கே வயதாகிவிட்டது. 2004-இல் சீனப் பேராசிரியை வாங் சியாவ்யுன் குழுவினர், வெவ்வேறான இரண்டு தகவல்களுக்கு ஒரே எம்டி5 வரும்படி செய்து காட்டினார்கள். அதனால்தான் இப்போது 64 எழுத்து வரும் ஷா-256 எண்ணைக் கொடுக்கிறார்கள். கூடவே அந்த எண் பட்டியலுக்கு ஜிபிஜி கையெழுத்தும் போடுகிறார்கள். கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி தயாரிப்பவரிடம் மட்டும் இருக்கும். தளத்துக்குள் புகுந்தவனுக்கு அது கிடைக்காது. கையெழுத்தைச் சரிபார்க்கும் பொதுச் சாவியை நாம் வேறு வழியில் உறுதி செய்துகொள்ளலாம். எங்கள் செக் சிக்னல் புத்தகம் வேறு உருவத்தில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆக, கேள்விகள் மூன்று. கோப்பு முழுசாக வந்து சேர்ந்ததா? இதற்கு செக்சம் பதில் சொல்லும். தட்டிலோ பென்டிரைவிலோ ஒழுங்காக எழுதப்பட்டதா? எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்த்தால் தெரியும். அனுப்பியவர் சொன்னவர்தானா? இதற்குக் கையெழுத்து. ஒன்றுக்குக் கிடைத்த பதிலை இன்னொன்றுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. 2008-இல் நான் முதல் கேள்வியைக்கூடக் காரியம் கெட்ட பிறகுதான் கேட்டேன்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. வட்டை அழிக்கும் பொத்தானை அமுக்குவதற்கு முன், எடுத்த பிரதியை இன்னொரு கணினியில் போட்டு ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி கணக்கில் சேராது.

வாத்தியார் என்னைத் திட்டவில்லை. "உங்க மேல தப்பு இல்ல சார், நான்தான் பேப்பர்ல ஒரு பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கணும்" என்றார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. மூன்று அத்தியாயங்களை ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதினார். உட்கார்ந்து நான்தான் தட்டிக் கொடுத்தேன். அத்தை சொன்னதை மட்டும் அவரால் எழுத முடியவில்லை. "அவங்க பேச்சு எனக்கு வராது சார்" என்று விட்டுவிட்டார். புத்தகம் எட்டு அத்தியாயங்களோடு அச்சானது. வாத்தியார் இப்போது இல்லை. எனக்குக் கொடுத்த பிரதி அலமாரியில் இருக்கிறது.

இதைப் பேரனிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஷா-256 எண்ணை எடுத்துத் திரையில் வைத்தான். "நீங்க படிங்க தாத்தா, நான் பார்த்துக்கிட்டே வரேன்" என்றான். 64 எழுத்தையும் படித்தேன். சரியாக இருந்தது. "கையெழுத்து?" என்றேன். அதையும் பார்த்தான்.