வஞ்சப்புகழ்ச்சி

வஞ்சம் என்பது வடமொழி ‘வஞ்சனா’ என்பதோடு உறவுடைய சொல். மறைத்தலையும் ஏமாற்றுதலையும் உணர்த்துவது. அது புகழ்ச்சியோடு புணர்ந்து, புகழ்வதுபோலப் பழித்தலையும் பழிப்பதுபோலப் புகழ்தலையும் குறிக்கும் அணியின் பெயராயிற்று. வடநூலார் இதனை வியாஜஸ்துதி என்பர். கிரேக்கரின் ‘எய்ரோனெயா’ என்னும் சொல்லும் ஆதியிற் பாசாங்கையே சுட்டிற்று.

தொண்டைமான் என்னும் அரசனுடைய படைக்கலங்கள் மாலை சூடி நெய் பூசிப் பொலிந்திருப்பதையும், மற்றோர் அரசனாகிய அதியமானுடையவை முறிந்து கொல்லன் உலைக்களத்தே கிடப்பதையும் ஔவையார் புறநானூற்றில் இவ்வணிப்படப் புகழ்வதுபோலக் கூறியது, போர் அறியாத தொண்டைமானுக்கு அவன் நிலையை உணர்த்துதற்கேயாம்.

இவ்வணியின் அதே வன்மையைக் கிறிஸ்து சகாப்தம் 55ஐ அடுத்து, பழைய கத்தோலிக்கத் தமிழ் சின்னப்பர் என்றும் ஏனைய சபையார் பவுல் என்றும் வழங்கும் அப்போஸ்தலர், கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்திற் காண்கிறோம். கூடாரத் தொழிலால் ஜீவித்து, கொரிந்திய சபையாரிடம் ஊதியம் பெறாதிருந்த அவரை, அக்காரணம் பற்றியே சிலர் இழிவாக மதித்தனர். அவரோ, உங்களுக்குப் பாரமாயிராத இந்த அநியாயத்தைப் பொறுத்தருளுங்கள் என்னும் கருத்துப்பட மன்னிப்பு வேண்டுகிறார். குற்றமின்மையே குற்றமாக வேடந்தரித்து நிற்க, கேட்போர் தம் நன்றியின்மையைத் தாமே கண்டு நாணுகின்றனர். எத்தனை நியாயங்களை நிரல்படுத்தினும் இவ்வளவு ஆழமாகத் தைத்திராது என்பது என் துணிபு.

ஹற்றனை அடுத்த றொசல்லயில், கொழுந்து பறிக்கும் கைகளின் உழைப்பால் வாழும் குடும்பங்களின் நடுவே இவ்விடத்தை வாசிக்குங்கால், உடலுழைப்பை இகழ்ந்தாரை நோக்கிய அம்மொழியின் வேதனை அணியிலக்கணத்தைக் கடந்து நெஞ்சிற் படுகிறது.