நகர வளர்ச்சியும் நகரசபையின் பொக்கிஷமும்

நகரம் விரியும்போது வீடுகள் முன்னே எழுகின்றன. தெருவும் குடிநீர்க் குழாயும் பின்னே வருகின்றன. அவற்றிற்குப் பொருள் தருபவர் யார்? இவ்வினாவுக்குப் பம்பாய் மாகாணம் 1915-ஆம் ஆண்டிலேயே ஒரு விடை கண்டதை நாம் காண்கிறோம்.

அவ்வாண்டு இயற்றப்பெற்ற நகரமைப்புச் சட்டம், நம் நாட்டில் அத்துறையில் எழுந்த முதற் சட்டமாகும். நகரின் ஓரத்து வயல்களை ஒன்றுசேர்த்து, தெருவுக்கும் பொது இடத்துக்கும் ஒரு பங்கை ஒதுக்கி, எஞ்சியதைச் சீரான மனைகளாக்கி உரியவரிடமே திருப்பித் தர அது வழிவகுத்தது. தெரு வந்தால் மனையின் மதிப்பு உயருமன்றோ? அவ்வுயர்வில் ஒரு பகுதியைப் பெற்று நகரசபை வேலைகளை நடத்தலாம்.

இம்முறை ஆமதாபாத்தில் வேரூன்றியது. குஜராத்தின் 1976-ஆம் ஆண்டுச் சட்டமும் இதையே தழுவி, அத்தொகை மதிப்புயர்வில் பாதியை மிஞ்சலாகாது என வரையறுத்தது. ஆனால் திட்டங்கள் நிறைவேறப் பல ஆண்டுகள் சென்றன. தொடக்க நாளின் விலையே கணக்குக்கு அடிப்படையாதலால், வசூலாகும் காலத்தில் அத்தொகையின் மதிப்பு தேய்ந்து போயிற்று.

1999-இல் சட்டம் திருத்தப்பட்டது. வரைவுத் திட்டம் அங்கீகாரம் பெற்றதுமே தெருவுக்குரிய நிலத்தைக் கையேற்க இடம் கிடைத்தது. பின்னர் அந்நகரைச் சுற்றி அமைந்த, சுமார் 76 கிலோமீட்டர் நீளமுள்ள சர்தார் படேல் வட்டச்சாலைக்கு வேண்டிய நிலத்தில் பெரும்பகுதி இம்முறையிலேயே திரண்டது.

வளர்ச்சி தன் செலவைத் தானே தாங்குவது நல்ல நெறியே. எனினும் காலம் தாழ்ந்தால், உழவர் விட்டுக்கொடுத்த நிலத்துக்கு ஈடாகத் தெருவும் வாராது, நகரசபைக்குப் பணமும் வாராது என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.