காறை எலும்பும் கோட்டை வீடும்

திருகோணமலை பிரெட்ரிக் கோட்டையின் வாயிலைக் கடந்து கோணேசர் ஆலயத்துக்கு ஏறிச் செல்வோர், அங்கு மேயும் மான்களை நின்று பார்ப்பார்கள். உள்ளே உள்ள பழைய வீடொன்றை அநேகர் கவனிப்பதில்லை. பிற்காலத்தில் வெலிங்டன் கோமகன் எனப் புகழ்பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லி, 1801ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இத்துறைமுகத்தில் படை திரட்டி நின்றபோது தங்கிய வீடு என்று அது வழங்கப்படுகிறது. அதைக் காணும்போதெல்லாம் எனக்கு வாட்டர்லூ வெற்றி நினைவுக்கு வருவதில்லை. 1850 ஜூலையில் முதியவரான அவர் பிரபுக்கள் சபையில் கண்கலங்கப் பேசியதே நினைவுக்கு வருகிறது.

அவர் பேசியது தமது அரசியல் தோழரும் முன்னாள் பிரதமருமான சேர் ரொபேர்ட் பீல் பற்றி. அவ்வாண்டு ஜூன் 29ஆம் திகதி லண்டனில் குதிரையிலிருந்து விழுந்த பீலின் மீது அக்குதிரையும் இடறி விழுந்தது. இடப்பக்கக் காறை எலும்பு நொறுங்கியது. அதன் கீழே நாடித்துடிப்புடன் துடிக்கும் வீக்கம் ஒன்று தோன்றியது. ஜூலை 2ஆம் திகதி அவர் இறந்தார்.

காறை என்பது நம் முன்னோர் கழுத்தில் அணிந்த அணிகலன். அது கிடக்கும் இடத்திலுள்ள எலும்பாதலால் இப்பெயர் வந்தது. இலங்கைப் பாடநூல்கள் காறை என்பு என எழுதும். தோளை மார்பெலும்புடன் இணைப்பது இதுவே. இதன் அடியில் கைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருநாடியும் நரம்புக் கொத்தும் செல்கின்றன. பீலின் உயிரைப் பறித்தது எலும்பு முறிவு மட்டுமன்று. உடைந்த முனை உள்ளே இரத்தக்குழாயைச் சிதைத்ததே காரணம் என்று பின்வந்த மருத்துவர்கள் கருதினர். அன்று மயக்க மருந்து அறிமுகமாகி நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. கிருமி நீக்கமும் எக்ஸ்ரேயும் இன்னும் வரவில்லை. கத்தி வைப்பதைப் பற்றி எவரும் எண்ணியிருக்க முடியாது.

ஆயினும் இத்தகைய மரணங்கள் அரிது. சுமார் 3,600 ஆண்டுகள் பழமையான எகிப்திய எட்வின் ஸ்மித் சுவடி, நோயாளியை மல்லாத்தித் தோள்பட்டைகளுக்கு இடையே மடித்த துணியை வைத்து, தோள்களை விரித்து எலும்பைச் சேர்த்துக் கட்டும்படி கூறுகிறது. கிரேக்கத்து ஹிப்போக்கிரட்டீஸ் நூல்களோ, இம்முறிவு கண்டவர் முதலில் அஞ்சுவர், விரைவில் வலி நீங்கியதும் கவனத்தைக் கைவிடுவர் என்கின்றன. நம் ஊர் முறிவு நெரிவு வைத்தியர்கள் பற்றுப் போட்டுக் கட்டி அனுப்பியதும் இதே நம்பிக்கையில்தான். எலும்பு தானாகவே சேரும் என்பதே பொதுக் கருத்து.

அக்கருத்துக்கு 1960இல் எண்களும் கிடைத்தன. அமெரிக்க மருத்துவர் சார்ல்ஸ் நீர் வெளியிட்ட கணக்கில், சத்திரசிகிச்சையின்றிக் கவனிக்கப்பட்ட 2,235 பேரில் எலும்பு சேராதவர் மூவர் மட்டுமே. சத்திரசிகிச்சை பெற்ற 45 பேரில் இருவருக்கு அது சேரவில்லை. இதன்பின் ஒரு தலைமுறை மருத்துவர்கள் காறை எலும்பில் கத்தி வைக்கத் தயங்கினர்.

ஆனால் அந்தக் கணக்கில் எலும்பு எளிதில் வளரும் சிறுவர்களும் இருந்தனர். நன்கு விலகிய முறிவுடைய வளர்ந்தோர் 52 பேரை மட்டும் ஆராய்ந்த 1997ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு, 15 சதவீதத்தினருக்கு எலும்பு சேரவில்லை என்றும், 31 சதவீதத்தினர் பலனில் திருப்தியடையவில்லை என்றும் அறிவித்தது. 2007இல் கனேடிய மருத்துவர்கள் 132 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். இறுதிவரை கவனிக்கப்பட்டவர்களில், தகடு பொருத்திய 62 பேரில் இருவருக்கும், கட்டுடன் விடப்பட்ட 49 பேரில் எழுவருக்கும் எலும்பு சேரவில்லை. உலகெங்கும் தகடும் திருகாணியும் பெருகின.

கதை அத்துடன் முடியவில்லை. 2017இல் வெளியான 301 பேர் பங்குகொண்ட பிரித்தானிய ஆய்வில், முதல் மூன்று மாதங்களில் தகடு பொருத்தியவர்களின் கை நன்கு இயங்கியது. ஒன்பது மாதமானபோது இரு பிரிவினரிடையே வேறுபாடு இல்லை. 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய கொக்ரேன் அறிக்கையும், ஓராண்டின் பின் கையின் பயன்பாட்டில் சத்திரசிகிச்சை மேலதிக நன்மை தராதிருக்கலாம் என்றே கூறியது. எலும்பு சேராத ஆபத்து குறைகிறது. பதிலாகக் கிருமித்தொற்று, தோல் மரத்துப்போதல், தகட்டை அகற்ற இன்னொரு சத்திரசிகிச்சை ஆகிய ஆபத்துகள் வந்து சேருகின்றன.

எனவே எது சிறந்தது என்ற கேள்விக்கு எல்லோருக்கும் ஒரே விடை கிடையாது. தோலைக் கிழித்து வெளிவந்த முறிவுக்கும் இரத்தக்குழாய் சிதைந்ததற்கும் சத்திரசிகிச்சை வேண்டும். சிறுவருக்கும் விலகாத முறிவுக்கும் பொதுவாகக் கையைத் துணியில் தொங்கவிடுவதே போதும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவர் தமது வாழ்க்கையையும் சேர்த்து எண்ண வேண்டியவர். மேசையில் எழுதுபவருக்கு மூன்று மாதம் பொறுப்பது எளிது. துறைமுகத்தில் தோளில் மூட்டை சுமப்பவருக்கும் கரைவலை இழுப்பவருக்கும் அந்த மூன்று மாதம் வீட்டு அடுப்பைப் பற்றிய கேள்வி. ஆனால் அதே மனிதருக்குத்தான் இரண்டாவது சத்திரசிகிச்சைக்குரிய நாட்களும் பெருஞ்சுமை. இதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லாமல் நம்மவர்கள் தலையாட்டிவிட்டு வருகிறார்கள் என்பதே என் கவலை.

மோட்டார் சைக்கிளில் விழுந்தவர் பற்றுப் போட்டுக்கொள்வதாயினும், முதலில் வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்து, மணிக்கட்டில் நாடி ஓடுகிறதா, விரல்களில் உணர்வு உண்டா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரதமராயிருந்த பீலுக்கு இந்த வசதி கிட்டவில்லை. கோட்டைக்குக் கீழே வாழும் தொழிலாளிக்கு இன்று அது கிட்டும்.