எலிக்காய்ச்சல் கிருமிகளின் உறவுமுறை

காலபோகம் தொடங்கும் நாள்களில் பீ.எச்.ஐ மார் விவசாயிகளுக்கு டொக்சிசைக்கிளின் கொடுப்பது வன்னியில் இப்போது வழமை. 1990இல் வெளியேற்றப்பட்டு, புத்தளத்திலிருந்து திரும்பி முல்லைத்தீவில் மறுபடி வயல் செய்யும் என் மாமா ஒருவர், "வயலில எலியே இல்ல, எனக்கெதுக்கு எலிக்காய்ச்சல் குளிசை?" என்பார். நியாயமான கேள்விதான்.

ஜப்பானில் 1915இல் இனாடாவும் இடோவும் இந்நோயின் கிருமியான லெப்டோஸ்பைராவை அடையாளம் கண்டனர். பிறகு பல நாடுகளில் கிடைத்தவையெல்லாம் நுணுக்குக்காட்டியில் ஒரே மாதிரிச் சுருள் இழைகள். பார்த்துப் பிரிக்க முடியாது. 1918இல் மார்ட்டினும் பெற்றியும் வேறு வழி காட்டினர். நோயாளியின் இரத்த நீர்ப்பாயத்தை உயிருள்ள கிருமியோடு கலந்தால், அதிலுள்ள பிறபொருளெதிரிகள் கிருமிகளைக் கட்டியாக ஒட்டவைக்கும். சிக்கல் என்னவென்றால், உறவுக்காரக் கிருமியும் ஓரளவு ஒட்டும். ஆகவே முயலிலிருந்து பெற்ற 'அ' கிருமிக்குரிய நீர்ப்பாயத்தில் 'ஆ' கிருமியை நிறையச் சேர்த்து, ஒட்டக்கூடியதை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். மறுபக்கமும் அப்படியே. இரண்டில் ஒன்றிலாவது பத்து வீதத்துக்கு மேல் பழைய வலு திரும்பத் திரும்ப எஞ்சினால் அவை வேறு வகை. சம்பந்தம் பேசுமுன் இரு வீட்டையும் விசாரிக்கிற மாதிரித்தான்.

இப்படி இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் பிரிந்தன. இலங்கையில் நித்தியானந்தா செய்த ஆய்வுகள் முக்கியமானவை. சிலோனிக்கா, ரத்னபுர என்று நம் நாட்டுப் பெயர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. மாமாவுக்கான பதிலும் அங்கேதான். இக்டரோஹெமராஜியே பெரும்பாலும் எலியில், கனிகோலா நாயில், ஹார்ட்ஜோ மாட்டில். எலி இல்லாவிட்டாலும், வரம்பில் மேயும் மாட்டின் சிறுநீர் சேற்றில் கலந்தால் போதும்.

1980களில் மரபணு ஒப்பீடு வந்ததும் கதை மாறியது. ஒரே வகை எனப்பட்ட ஹார்ட்ஜோ, இரு வேறு இனங்களில் இருந்தது! பிறபொருளெதிரி காண்பது கிருமியின் வெளிச் சர்க்கரைப் போர்வையை. அதைப் பின்னும் மரபணுக்கள் இனம்விட்டு இனம் தாவக்கூடியவை. வம்சத்தைச் சொல்ல அந்தப் பழைய பட்டியல் போதாது. எந்த விலங்கிலிருந்து வந்திருக்கலாம் என்று ஊகிக்க இன்றும் அதுவே கைகொடுக்கிறது, அதனால் அதைத் தூக்கியெறிய எனக்கு மனமில்லை.

நோயாளிக்கு வேறொரு கவலை. பரிசோதனையில் வைத்திருக்கும் கிருமி வகைகளில் அந்த ஊரின் வகை இல்லாவிட்டால், காய்ச்சல் இருந்தும் முடிவு 'இல்லை' என்று வரலாம். முதல் வாரத்தில் போதிய பிறபொருளெதிரியும் உருவாகியிராது. சிறுநீரகம் அதுவரை காத்திருக்காது. அதனால்தான் நல்ல வைத்தியர் முடிவுக்குக் காத்திராமல், "வயலுக்குள்ள இறங்கினீங்களா?" என்று முதலில் கேட்டு, மருந்தைத் தொடங்கிவிடுகிறார்.