லாகிங்: காட்சிப் பதிவுகளைக் குறித்துவைக்கும் கலையின் வரலாறு

படப்பிடிப்பில் பதிவான அனைத்தையும் தொகுப்பு தொடங்குமுன் ஒருவர் பொறுமையாகப் பார்த்து, எந்த டேப்பில் அல்லது எந்தக் கோப்பில் எந்த நொடியில் என்ன இருக்கிறது, அது பயன்படுமா படாதா என்று எழுதிவைக்கும் வேலைக்கு லாகிங் என்று பெயர். டேப்பின் பெயர், தொடக்க நேரம், முடிவு நேரம், காட்சி எண், டேக் எண், ஒரு வரி விவரம் ஆகியவை ஒரு பதிவுக்குரிய குறிப்பில் இடம்பெறும். படத்தொகுப்பு அறையில் மிகக் குறைவாக மதிக்கப்பட்ட வேலை இது. பெரும்பாலும் கடைசியாகச் சேர்ந்த உதவியாளரின் தலையில்தான் விழும். ஆனால் ஒரு படத்தின் மூலப்பொருளை ஒரு மனிதர் முதல்முறையாக முழுசாகப் பார்ப்பது இந்த வேலையின்போதுதான். மறுபடி பார்க்கச் செலவாகும் என்ற ஒரே காரணத்தால் பிறந்த வழக்கம் இது. செலவின் வடிவம் மாற மாற, குறிப்பின் வடிவமும் மாறியது.

படச்சுருள் காலத்தில் அந்தச் செலவு ரசாயனத்துக்கும் சுருளுக்கும் ஆனது. 35 மி.மீ. படச்சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள் (ஃபிரேம்கள்). நொடிக்கு 24 சட்டம் என்ற கணக்கில் ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 1000 அடி ரோல் ஒன்று 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். எடுத்ததை எல்லாம் பிரின்ட் போடக் கட்டுப்படியாகாது. ஆகவே தளத்திலேயே ரிப்போர்ட் எழுதப்பட்டது. ஹாலிவுட்டில் தேறிய டேக்குகளை வட்டமிட்டு, அவற்றை மட்டும் ஆய்வகம் பிரின்ட் எடுத்தது. நம் ஊர்த் தளங்களில் உதவி இயக்குநர் ஒவ்வொரு டேக்குக்கும் எதிரே ஓகே அல்லது என்ஜி (நோ குட்) என்று குறித்தார். கிளாப் பலகையில் எழுதிய காட்சி, ஷாட், டேக் எண்கள் அந்த நோட்டையும் சுருளையும் இணைத்தன. சுருளின் ஓரத்தில் தொழிற்சாலையிலேயே அச்சான எண்கள் நெகட்டிவ் வெட்டுபவருக்கு வழிகாட்டின.

ஆவணப்படக்காரர்களிடம் திரைக்கதையும் இல்லை, காட்சி எண்ணும் இல்லை. அவர்களுக்குக் குறிப்பேடே திரைக்கதை. சோவியத் இயக்குநர் சிகா வெர்த்தோவின் 1929ஆம் ஆண்டுப் படமான ‘மேன் வித் எ மூவி கேமரா’வில், படத்தொகுப்பாளர் எலிசவெத்தா ஸ்விலோவா வேலை செய்யும் காட்சி ஒன்று வருகிறது. அவர் பின்னால் உள்ள அலமாரியில் சுருள்கள் பொருள்வாரியாகப் பெயரொட்டி அடுக்கப்பட்டிருக்கின்றன. லாகிங் என்ற வேலை திரையில் இவ்வளவு தெளிவாகப் பதிவான இடம் வேறு எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் ஃபிரடெரிக் வைஸ்மன் ஒரு படத்துக்கு நூறு மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்வார். அவற்றை முழுக்கப் பார்த்து, உணவகங்களுக்குத் தருவதுபோல் ஒன்று, இரண்டு, மூன்று நட்சத்திரம் இடுவது அவர் வழக்கமாக இருந்தது.

1956இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் வீடியோ டேப் இயந்திரத்தை அறிமுகப்படுத்தியபோது புதிய சிக்கல் ஒன்று முளைத்தது. படச்சுருளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உருவம் தெரியும். டேப்பில் எதுவும் தெரியாது. தொடக்க காலத் தொகுப்பாளர்கள் இரும்புத் துகள் கலந்த திரவத்தை டேப்பின்மேல் தடவி, காந்தத் தடங்களைக் கண்ணுக்குத் தெரியவைத்துத்தான் பிளேடால் வெட்டினார்கள். டேப்பில் ஓர் இடத்தைச் சொல்லி இன்னொருவரை அங்கே அனுப்ப வழியே இல்லை.

வழி 1967இல் பிறந்தது. அமெரிக்காவின் ஈகோ நிறுவனம் டேப்பின் ஒவ்வொரு சட்டத்துக்கும் தனி எண் பதிக்கும் முறையை உருவாக்கியது. மணி, நிமிடம், நொடி, சட்டம் என எட்டு இலக்கங்கள். தெருவில் வீடுகளுக்குக் கதவு எண் வந்ததுபோல இது நடந்தது. எஸ்எம்பிடிஇ என்ற பொறியாளர் சங்கம் பின்னர் இதைத் தரப்படுத்தியது. இன்றும் டைம்கோடு என்றால் அதுதான். அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சி நொடிக்கு 30 சட்டம் ஓடாமல் 29.97 ஓடியதால், மணிக்கு 3.6 நொடி கணக்கு பிசகியது. அதைச் சரிக்கட்ட நிமிடத்துக்கு இரண்டு எண்களைத் தாண்டிச் செல்லும் முறை வந்தது. பத்தாவது நிமிடங்களில் மட்டும் தாண்டுவதில்லை. படம் ஒன்றும் குறைவதில்லை, எண்கள்தான் விடுபடுகின்றன. நொடிக்கு 25 சட்டம் ஓடும் பால் முறையைக் கைக்கொண்ட இந்தியத் தொலைக்காட்சிக்கு இந்தத் தலைவலி இல்லை.

டைம்கோடு வந்தபின் லாகிங் தனித் தொழிலாயிற்று. மூல டேப்பைத் தொடாமல் அதற்கு ஒரு மலிவான நகல் எடுத்தார்கள். நகலின் படத்திலேயே எண்கள் எரிந்து பதிந்திருக்கும். அதை யு-மாட்டிக் அல்லது விஎச்எஸ் கேசட்டில் போட்டு வீட்டில் பார்த்தபடி காகிதத்தில் எழுதலாம். மணிக்கணக்கில் வாடகை வாங்கும் தொகுப்பு அறைக்குள் நுழையும்போது கையில் முழுப் பட்டியல் இருக்கும். அங்கே யோசித்துக்கொண்டிருந்தால் பணம் கரையும். யோசனை எல்லாம் காகிதத்தில் முன்பே முடிந்திருக்க வேண்டும். 1971இல் சிபிஎஸ், மெமோரெக்ஸ் கூட்டில் உருவான சிஎம்எக்ஸ் 600 இயந்திரம் வட்டில் இருந்த கருப்பு வெள்ளைப் படங்களைக் கணினியில் தொகுக்கவைத்தது. அந்த நிறுவனத்தின் இயந்திரங்கள் வெளியிட்ட தொகுப்புப் பட்டியல், டேப் பெயரையும் தொடக்க முடிவு எண்களையும் வரிசையாகத் தரும் எளிய எழுத்துக் கோப்பு. அதே அமைப்பை இன்றைய மென்பொருள்களும் படிக்கின்றன.

1989இல் அவிட் வந்தது. பில் வார்னர் தொடங்கிய இந்த நிறுவனம் மேக்கின்டாஷ் கணினியில் படத்தொகுப்பைக் கொண்டுவந்தது. அதன் சொற்களெல்லாம் பழைய எடிட்டிங் அறையிலிருந்து எடுத்தவை. வெட்டிய துண்டுகளை ஊசியில் மாட்டித் தொங்கவிடும் துணிக்கூடையே திரையில் ‘பின்’ ஆயிற்று. ஆனால் திரையில் தெரிந்த ‘பின்’, நெடுவரிசைகளும் கிடைவரிசைகளும் கொண்ட ஒரு பட்டியல். அதாவது குறிப்பேடே தொகுப்பு மேசையாகிவிட்டது. மறு ஆண்டு கோடாக் நிறுவனம் படச்சுருளின் ஓர எண்களைக் கணினி படிக்கும் கோடுகளாகவும் அச்சிட்டது. படத்தை வீடியோவாக்கும் டெலிசினி இயந்திரத்தில் சுருள் ஓடும்போதே எண்கள் கோப்பாகி ஃப்ளாப்பியில் வந்து சேர்ந்தன. உதவியாளர் கைவலிக்கத் தட்டச்சு செய்த காலம் அங்கே ஓரளவு முடிந்தது. தமிழில், கமல்ஹாசன் நடித்த ‘மகாநதி’ (1994) அவிட் பயன்படுத்திய முதல் இந்தியப் படமாகப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது.

படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் இந்த மாற்றத்தைக் கூர்ந்து கவனித்தவர். ‘அபோகலிப்ஸ் நௌ’ படத்தில் ஏறத்தாழ 12,50,000 அடிச் சுருளோடு மல்லுக்கட்டியவர். அவிட்டில் தொகுத்த ‘தி இங்கிலிஷ் பேஷன்ட்’ (1996) படத்துக்கு ஆஸ்கர் பெற்றவர். பழைய மேசையில் ஒரு ஷாட்டைத் தேட ரோல் முழுவதையும் ஓட்ட வேண்டும். ஓட்டும் வழியில் கேட்டதைவிட நல்லது கண்ணில் படும். கணினியோ கேட்டதை மட்டும் தரும் என்பது அவர் கருத்து. எனவே அவர் ரஷ் எனப்படும் மூலப் பதிவுகளைப் பார்க்கும்போது மனதில் பட்டதைப் படபடவென்று குறித்துக்கொள்வார். தொகுக்கும் முன் மீண்டும் பார்த்து விரிவாக எழுதுவார். கூடவே ஒவ்வொரு ஷாட்டிலிருந்தும் நிழற்படங்களைத் தேர்ந்து சுவர்ப் பலகையில் ஒட்டிவைப்பார். லாகிங் பற்றி நான் அறிந்த ஆகச்சிறந்த சிந்தனை இதுவே.

1995இல் டிவி (DV) எனும் டிஜிட்டல் வீடியோ கேசட்டும் 1999இல் ஃபைனல் கட் புரோ தொகுப்பு மென்பொருளும் இந்த வேலையை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தன. ஒரு மணி நேரக் கேசட் பதிவுக்குச் சுமார் 13 ஜிகாபைட் தேவை; அன்றைய கணினிகள் பலவற்றின் ஹார்டு டிஸ்க்கே அவ்வளவுதான். எல்லாவற்றையும் ஏற்ற முடியாது. ஆகவே ‘லாக் அண்ட் கேப்சர்’ என்ற சாளரத்தில் கேசட்டை ஓட்டி, தொடக்கமும் முடிவும் குறித்து, பெயரும் விவரமும் எழுதி, தேறியதற்கு ‘குட்’ கட்டத்தில் டிக் போட வேண்டும். பிறகு கணினி தானே கேசட்டை முன்னும் பின்னும் சுழற்றி, குறித்த பகுதிகளை மட்டும் இழுத்துக்கொள்ளும். இதில் ஒழுக்கம் தவறினால் தண்டனை உறுதி. இடையில் ஒரு நொடி பதிவில்லாமல் விட்டுவிட்டால் கேமரா எண்ணை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒரே கேசட்டில் ஒரே எண் இரண்டு இடங்களில் வந்துவிடும். கேசட்டுக்குப் பெயர் வைக்காமல் விட்டால், டிஸ்க் பழுதானபின் எதிலிருந்து மீட்பது என்றே தெரியாது. ஒழுங்காகக் குறித்தவர்களாலோ பழைய கேசட்டுகளையும் சில கிலோபைட் கோப்பையும் கொண்டு முழுப் படத்தையும் திரும்ப எழுப்ப முடிந்தது.

கேசட் போய் மெமரி கார்டு வந்ததும் அந்தக் கட்டாயம் தளர்ந்தது. கோப்பை நகலெடுப்பது சில நிமிட வேலை. தேதி, நேரம், கேமரா அமைப்புகள் எல்லாம் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். டிஸ்க் மலிந்ததால் எதையும் விடவேண்டியதில்லை. விடவேண்டாம் என்றானபின் பார்ப்பதும் குறைந்தது. பல மணி நேரப் பதிவு ‘கார்டு 3’ என்ற பெயரோடு யாரும் திறக்காமல் கிடப்பதை இன்று எந்த எடிட்டிங் அறையிலும் காணலாம். கருவி செய்தவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. பிரீமியர், ஃபைனல் கட் ஆகிய இரு தொகுப்பு மென்பொருள்களையும் உருவாக்கிய ரேண்டி உபிலோஸ், பதிவுக் குவியலை வேகமாகச் சலித்தெடுக்க உருவாக்கிய துணை மென்பொருள்தான் 2007இல் புதிய ஐமூவியாக வந்தது. 2011இன் ஃபைனல் கட் புரோ எக்ஸ், ஒரு கிளிப்பின் எந்தப் பகுதிக்கும் குறிச்சொல் இட வகைசெய்தது. லாகிங்குக்கென்றே அடோபி 2012இல் வெளியிட்ட ‘பிரிலூட்’ மென்பொருள் ஆதரவு குறைந்து, 2021இல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது.

அதே 2021இல் பிரீமியரில் பேச்சை எழுத்தாக்கும் வசதி வந்தது. 2023இல் அந்த எழுத்தை வெட்டினால் படமும் வெட்டுப்பட்டது. நேர்காணல் படங்களுக்கு இது பெரிய விடுதலை. 2025இல் படத்தில் உள்ள பொருளைச் சொல்லித் தேடும் வசதியும் சேர்ந்தது. பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும் முகத்தை இந்தத் தேடல் கண்டுபிடித்துக் கொடுக்கும். அந்த முகத்தின் ஐந்து டேக்குகளில் எதில் அவர் உண்மையில் கேட்டார் என்பதை, ஐந்தையும் பார்த்த ஒருவர்தான் இன்னும் குறிப்பு நெடுவரிசையில் எழுதிவைக்கிறார்.